கைகொடுக்கும் முன் ஒரு நகர்வு: சதுரங்கக் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் கோயில் மண்டபம் ஒன்றில் அண்மையில் ஒருநாள் சதுரங்கப் போட்டி நடந்தது. அதையொட்டி அவ்வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களுள் நான்கிற்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை. பலகையின் நெடுவரிசைகளை வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரையும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் செம்பனை ஆலையில் வேலை செய்பவன். மேற்படி போட்டியின் கடைசிச் சுற்றில் வெள்ளைக் காய்களுடன் ஆடித் தோற்றேன். என் ஆட்டத்தின் தொடக்கம் இது: 1. இ4, இ5, 2. குதிரை எஃப்3, டி6, 3. பிஷப் சி4, குதிரை சி6, 4. குதிரை சி3, பிஷப் ஜி4, 5. எச்3, பிஷப் எச்5, 6. டி3, குதிரை எஃப்6, 7. ஜி4, பிஷப் ஜி6, 8. கோட்டை கட்டினேன் (ராஜாவும் கோட்டைக் காயும் ஒரே நகர்வில் இடம் மாறுவது), எச்5, 9. பிஷப் இ3, எச் சிப்பாய் ஜி4இல் வெட்டு, 10. நானும் எச் சிப்பாயால் வெட்டினேன், அவர் குதிரையால் ஜி4 சிப்பாயை எடுத்துக்கொண்டார். அதன்பின் ஒரு சிப்பாய் குறைவாகவே கடைசி வரை இழுத்துச் சென்றேன். முடிவு இப்படி அமைந்தது: 54. கோட்டை எஃப்1, கோட்டை எஃப்1இல் வெட்டு, செக், 55. ராஜா எஃப்1இல் வெட்டு, டி5இல் இருந்த கறுப்பு ராஜா இ4க்கு வந்தது. தனி ராஜாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைப்பேசியிலுள்ள சதுரங்க நிரலில் ஆட்டத்தை ஏற்றிப் பார்த்தபோது என்னுடைய 6, 8, 54ஆம் நகர்வுகளைத் தவறு என்று காட்டியது. ஆனால் எதிராளியின் கடைசி நகர்வுக்கும் சிவப்புக் குறி போடுகிறது. வென்றவரின் கடைசி நகர்வு எப்படித் தவறாக முடியும்? நிரலில் கோளாறா? மேலும், இனி இப்படித் தோற்காமலிருக்க எந்தத் தொடக்க ஆட்டத்தைப் படிப்பது?

பதில்: நிரலில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் கைகொடுத்தபோது ஆட்டம் சமநிலையில் இருந்தது. உங்கள் ஆட்டத்தின் மிகப் பெரிய தவறு ஆறிலும் இல்லை, எட்டிலும் இல்லை, ஐம்பத்து நான்கிலும் இல்லை. அது குறிப்புத் தாளில் ஒரு நகர்வாகவே பதியாத தவறு என்பதால் நிரல் அதற்குக் குறி போடவில்லை. காய் நகர்த்தியதை மட்டுமே அந்த நிரலால் மதிப்பிட முடியும், கைகொடுத்ததை மதிப்பிட முடியாது.

கடைசி நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கோட்டைகள் மாறியபின் பலகையில் மூன்றே காய்கள் எஞ்சின: எஃப்1இல் உங்கள் ராஜா, டி5இல் கறுப்பு ராஜா, இ5இல் கறுப்புச் சிப்பாய். ஆட வேண்டியவர் எதிராளி. அவர் ராஜாவை டி4க்குக் கொண்டுவந்திருந்தால் வெற்றி அவருக்கு உறுதியாகியிருக்கும். நீங்கள் இ2க்கு வந்தால் அவர் இ4இல் வந்து உங்களுக்கு நேர் எதிரே நின்றிருப்பார், ஆடும் முறை உங்களுடையதாக இருந்திருக்கும், நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அவருடைய ராஜா மறுபக்கமாக முன்னேறிச் சிப்பாய்க்கு வழி திறந்திருக்கும். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்ட இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கும்போது யார் நகர வேண்டியிருக்கிறதோ அவருக்குத்தான் நட்டம் என்பது இத்தகைய முடிவுகளின் அடிப்படை. உங்கள் எதிராளி அவசரப்பட்டு நேராக இ4க்கே வந்துவிட்டதால், எதிரே போய் நிற்கும் உரிமை உங்கள் கைக்கு மாறியது.

அந்த நிலையில் 56. ராஜா இ2 என்ற ஒரே ஒரு நகர்வுதான் ஆட்டத்தைக் காப்பாற்றும். எஃப்2, இ1 முதலிய வேறெந்தக் கட்டத்துக்குப் போனாலும் தோல்விதான். இ2க்குப் பின் கறுப்பு ராஜா டி4க்குப் போனால் நீங்கள் டி2, எஃப்4க்குப் போனால் நீங்கள் எஃப்2 என்று நிழல்போல் எதிரே நிற்க வேண்டும். டி4, டி2 என்று நின்றபின் அவர் சிப்பாயை இ4க்குத் தள்ளினால் நீங்கள் இ2க்கு வருகிறீர்கள். அடுத்து அவர் அதை இ3க்குத் தள்ளும்போதுதான் மிகுந்த கவனம் தேவை: நேர் பின்னாக இ1க்கு மட்டுமே போக வேண்டும். டி1க்கோ எஃப்1க்கோ சரிந்தால் ஆட்டம் போய்விடும். இ1இலிருந்து அவர் டி3, நீங்கள் டி1, அவர் சிப்பாயை இ2க்குத் தள்ளிச் செக், நீங்கள் இ1. இப்போது சிப்பாயைக் காப்பாற்ற அவர் ராஜாவை இ3க்குக் கொண்டுவந்தால் உங்களுக்கு நகர ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை, ஆட்டம் சமன். அதற்கு மனமில்லாமல் அவர் ராஜாவை வேறு எங்காவது நகர்த்தினால் சிப்பாயை நீங்கள் வெட்டிக்கொள்ளலாம். பலகையை எடுத்து வைத்து, வீட்டில் யாரையாவது கறுப்பாக உட்காரவைத்து, இதைக் கை பழகும் வரை ஆடிப் பாருங்கள். இந்த ஒரு முடிவைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு, முன்பு தோல்வி என்று நினைத்துக் கைவிட்ட எத்தனையோ நிலைகளில் சமன் தரும் அரைப் புள்ளி காத்திருக்கிறது.

கைகொடுத்தல் பற்றி விதி சொல்வதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோல்வியை ஒப்புக்கொண்ட அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடுகிறது; பிறகு நிலை சமம் என்று நிறுவிக் காட்டினாலும் நடுவரால் எதையும் மாற்ற முடியாது. உங்கள் மட்டத்தில் ஆடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிராளி எப்படி வெல்லப் போகிறார் என்பதை நகர்வு நகர்வாக உங்களால் சொல்ல முடியாதபோது கைகொடுக்காதீர்கள். அவரும் அதை அறியாமல் இருக்கலாம், உங்கள் ஆட்டத்தில் உண்மையிலேயே அறிந்திருக்கவில்லை.

54ஆம் நகர்வைப் பொறுத்தவரை நிரல் சொல்வது சரி. கோட்டையை எஃப்1இல் நிறுத்தி, மாற்றிக்கொள்ள நீங்களே அழைத்தீர்கள். கோட்டைகள் பலகையில் இருந்திருந்தால் அவர் ஒரு சிப்பாயை வைத்து வெல்ல இன்னும் நெடுநேரம் உழைக்க வேண்டியிருந்திருக்கும். காய்களை மாற்றிச் சிப்பாய் முடிவுக்குள் நுழைவதற்கு முன் அந்த முடிவைக் கடைசி வரை கணக்கிட்டே தீர வேண்டும். ஏனெனில் அங்கே திரும்பி வர வழியில்லை. இதில் உங்களுக்குப் பெரிய துணை உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூர் செந்தோசாவில் நடந்த உலக வாகையர் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், அப்போதைய உலக வாகையர் டிங் லிரென் 55ஆம் நகர்வில் கோட்டையை எஃப்2இல் வைத்து இதேபோல் மாற்றத்துக்கு அழைத்தார். அவரை எதிர்த்து ஆடிய குகேஷ் வெட்டினார்; டிங்கின் ராஜா திரும்ப வெட்டியதும் பிஷப்பை டி5இல் வைத்து அதையும் மாற்றும்படி நெருக்கினார்; எஞ்சிய சிப்பாய் முடிவில் இரண்டுக்கு ஒன்று என்று குகேஷின் கை ஓங்கி, 7.5 – 6.5 என்ற கணக்கில் பட்டம் சென்னைக்குப் போயிற்று. சோர்ந்த மனம் காய்களைக் குறைத்தால் தொல்லை குறையும் என்று நினைக்கிறது. உலக வாகையருக்கு நேர்ந்ததுதான் கோயில் மண்டபத்தில் உங்களுக்கும் நேர்ந்தது.

எதிராளியின் தவறு கண்ணில் படாமல் போவதற்கும் மேல்மட்டத்தில் சான்று இருக்கிறது. 2014இல் சோச்சியில் நடந்த உலக வாகையர் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் 26ஆம் நகர்வில் ராஜாவை டி2க்கு நகர்த்தியது வெளிப்படையான தவறு. இ5 சிப்பாயைக் குதிரையால் வெட்டியிருந்தால் ஆனந்தின் பக்கம் ஆட்டம் சாய்ந்திருக்கும். ஆனந்த் அதைக் காணாமல் ஏ சிப்பாயைத் தள்ளினார், கடைசியில் அந்த ஆட்டத்தில் தோற்றார். தன் திட்டத்தில் ஆழ்ந்திருப்பவர் எதிராளி தவறு செய்வார் என்று எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காததைத் தேடுவதும் இல்லை. உங்கள் 55ஆம் நகர்வுக்குப் பின் நடந்ததும் அதுவே. தோற்றுவிட்டோம் என்ற முடிவு முதலில் வந்தது, பலகையைப் பார்ப்பது அதன்பின் நின்றுவிட்டது.

இனி தொடக்கத்துக்கு வருவோம். ஆறாம் நகர்வில் நீங்கள் தவறவிட்டது அழகான வாய்ப்பு. 6. குதிரை இ5 சிப்பாயை வெட்டியிருக்கலாம். ராணியைக் கொடுக்கிறோமே என்ற பயம் வேண்டாம்: பிஷப் டி1இல் உங்கள் ராணியை வெட்டினால், 7. பிஷப் எஃப்7இல் வெட்டுச் செக், ராஜா இ7, 8. குதிரை டி5 செக்மேட். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசில் ஆடிய லெகாலின் பெயரால் வழங்கும் முற்று இது. நீங்கள் ஆடிய தொடக்கம் அவருடைய மாணவர் ஃபிலிடோரின் பெயரால் வழங்குவது. எதிராளி ராணியைத் தொடாமல் 6... (கறுப்பின் ஆறாம் நகர்வு) குதிரையால் இ5இல் வெட்டினால், 7. ராணி எச்5 பிஷப்பை வெட்டுகிறது. அவர் சி4 பிஷப்பை வெட்டினால் 8. ராணி பி5 செக், அடுத்த நகர்வில் சி4 குதிரை உங்களுக்கு. கூட்டிக் கழித்தால் ஒரு சிப்பாய் ஆதாயம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதே குதிரைப் பாய்ச்சலை ஐந்தாம் நகர்வில், கறுப்பு பிஷப் ஜி4இல் இருந்தபோது ஆடியிருந்தால் நீங்கள் ஒரு குதிரையை இழந்திருப்பீர்கள். இ5இல் வெட்டும் கறுப்புக் குதிரை ஜி4ஐயும் காத்து நிற்கும். எச்3 என்று நீங்கள் தள்ளியதும் பிஷப் எச்5க்கு ஒதுங்கியது, அங்கே அதைக் காக்க ஒருவரும் இல்லை. ஆக, வாய்ப்பை உண்டாக்கியது உங்கள் சொந்த நகர்வுதான். 6... குதிரை எஃப்6 என்று அவர் ஆடியதும் எச்5க்குக் காவல் வந்துவிட்டது, வாய்ப்பு மூடிக்கொண்டது. ஒரே ஒரு நகர்வின் ஆயுள் கொண்ட இத்தகைய வாய்ப்புகளைப் பிடிக்கத் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. எதிராளி காயை வைத்துக் கையை எடுத்ததும், அந்தக் காய் முன்பு எதைக் காத்திருந்தது, இப்போது அதை யார் காக்கிறார் என்று கேட்கும் பழக்கமே உதவும்.

எட்டாம் நகர்வை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எச், ஜி சிப்பாய்களை முன்னே அனுப்பிவிட்டு அவற்றின் பின்னால் இருந்த வெட்டவெளிக்குள் ராஜாவைக் கொண்டுபோனீர்கள். எதிராளியும் எச் வரிசை திறந்திருந்தும் தாக்காமல் காய்களை மாற்றிக்கொண்டே போனார். உங்களுக்கு அது நல்ல காலம்.

புதிய தொடக்க நூல் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ராஜாவும் ஒரு சிப்பாயும் ஒற்றை ராஜாவை எதிர்க்கும் முடிவுகளை இந்த மாதம் முழுவதும் பழகுங்கள். இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பத்தாம் நகர்வு வரை தெரிந்துகொண்டு ஐம்பத்தைந்தில் கைகொடுப்பவரைவிட, பத்தில் தடுமாறி ஐம்பத்தைந்தில் எழுந்து நிற்பவரையே நான் விரும்புகிறேன்.

கேள்வி: நான் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் வென்று பரிசும் வாங்கினேன். வென்ற ஆட்டங்களையும் ஆராயத்தான் வேண்டுமா?

பதில்: ஆம், முதலில் அவற்றையே ஆராய வேண்டும். தோற்றவர் காரணம் தேடுகிறார். வென்றவர் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார். மேலே கண்ட ஆட்டத்தில் ராஜாவை இ4க்கு நகர்த்தியவர் ஒரு முழு வெற்றியை அரைப் புள்ளியாகச் சுருக்கிவிட்டு, எதிராளியின் தயவால் அதைத் திரும்பப் பெற்றார். குறிப்பைப் புரட்டாவிட்டால் அடுத்த முறையும் அதே கட்டத்துக்கே போவார், அப்போது எதிரில் இருப்பவர் கைகொடுக்க மாட்டார். சோவியத் உலக வாகையர் மிகயில் போட்வின்னிக் தம் ஆட்டங்களை வெற்றி தோல்வி பாராமல் ஆராய்ந்து, அந்த ஆய்வை அச்சிட்டுப் பிறர் குறை காணும்படி வெளியிடச் சொன்னவர். உங்கள் பரிசு ஆட்டங்களை எங்களுக்கு அனுப்பினால் நாங்களும் குறை காணத் தயார்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள், எம்.எஸ்.எஸ்.டி. (மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றம்) நடத்தும் மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் கணினி ஆய்வை அச்சிட்டுத் தருகிறார். தாள் முழுவதும் சிவப்பு. தாளைக் கண்டாலே பிள்ளைக்குக் கண் கலங்குகிறது. இதைத் தொடர விடலாமா?

பதில்: தாளைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் அது கடைசியில் வரட்டும். கணினி காட்டும் எண் என்ன சொல்கிறது என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று என்றால் ஏறத்தாழ ஒரு சிப்பாயின் அளவு ஆதாயம், கழித்தல் குறி இருந்தால் கறுப்புக்கு ஆதாயம், பூச்சியம் என்றால் சமநிலை. பத்து வயதுப் பிள்ளையின் ஆட்டத்தில் அந்த எண் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு; அரைச் சிப்பாய் அளவு மாற்றங்களையெல்லாம் பிள்ளையிடம் சொல்வது வீண். ரப்பர்த் தோட்டத்தில் பால் குறைந்ததைக் கோப்பை காட்டும், வெட்டு எங்கே பிசகியது என்பதை மரத்தருகே போய்ப் பட்டையைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கணினியின் எண் அந்தக் கோப்பையைப் போன்றது.

ஆகவே ஆட்டம் முடிந்த அன்று, பிள்ளை சாப்பிட்டு ஓய்ந்தபின், குறிப்புத் தாளை எடுத்து இருவருமாகப் பலகையில் ஆடிப் பாருங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, பிள்ளை விளக்க வேண்டியிருக்கும். சந்தேகம் வந்த நகர்வுகளில் நிறுத்தி, “அப்போது என்ன நினைத்தாய்?” என்று மட்டும் கேட்டு, அவள் சொல்வதை அவள் கையாலேயே பென்சிலில் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். “குதிரையைப் பார்க்கவில்லை”, “அவள் வேகமாக ஆடினாள், நானும் ஆடினேன்”, “கையை வைத்துவிட்டேன், அதனால் ஆடினேன்” என்பன போன்ற பதில்கள் வரும். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியால் நேர்ந்ததைக் கணினி வெறும் பிழை என்றுதான் காட்டும். காரணம் கை முந்தியது என்பது அவளுடைய பென்சில் எழுத்தில்தான் தெரியும். கை முந்தும் பிள்ளைக்குத் தேவை யோசிக்கும்போது கையை மடிமேல் வைத்திருக்கும் பழக்கம். பார்வை தவறும் பிள்ளைக்குத் தேவை எளிய இரண்டு நகர்வுப் புதிர்கள். தாள் முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

பிறகு ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்துக் கணினியிடம் கேட்கலாம். பயிற்றுநரிடமும் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அவர் அக்கறையோடுதான் அச்சிடுகிறார், அச்சு எந்திரம்தான் அளவு தெரியாமல் கொட்டுகிறது. தவறுகளோடு, எதிராளி செய்த தவறை அவள் கண்டுபிடித்துத் தண்டித்த ஒரு நகர்வையும் ஆட்டம்தோறும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தவறவிட்ட வாய்ப்புகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், பிடித்த வாய்ப்பை எப்படிப் பிடித்தாள் என்பது அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: நான் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலம் ஒட்டுக்கடையில் நண்பர்களோடு ஆடுவதோடு சரி. குறிப்பு எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை, எழுதினால் சிரிப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் தவறுகளை எப்படித் திரும்பிப் பார்ப்பது?

பதில்: பெரியவரே, விரைவு ஆட்டங்களில் குறிப்பெழுத வேண்டும் என்று அனைத்துலக விதியே கட்டாயப்படுத்துவதில்லை, நீங்கள் எழுதாததில் குறையில்லை. ஆட்டத்தின் போக்கு மாறியது என்று மனத்தில் தோன்றும் இடத்தில், எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது, கைப்பேசியால் பலகையை மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும் முறை யாருடையது என்பதை மறக்காமல் குறித்துவையுங்கள். அது தெரியாவிட்டால் படம் பயன்படாது என்பதை முதல் கேள்வியில் கண்டோம்.

படமெடுக்கவும் கூச்சமாக இருந்தால், ஆட்டம் முடிந்ததும் காய்களைக் கலைக்க விடாதீர்கள். கடைசி நிலையிலிருந்து எதிராளியோடு சேர்ந்து பின்னோக்கி ஐந்தாறு நகர்வுகளைத் திருப்பி வைக்கலாம். இருவர் நினைவும் சேரும்போது பெரும்பாலும் சரியாக வரும். வராவிட்டால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவரைக் கேளுங்கள். ஆடும்போது வாயை மூடச் சொல்லி அவரை அடக்கியிருப்பீர்கள், இப்போது அவரைப் பேச விடலாம்.